மைஸிரும் நம் வீட்டுச் சீட்டுக்கட்டும்

 

 

"ஹஜ்ரத், காசு வைக்காமல் சீட்டு ஆடினால் கூடுமா?" இந்தக் கேள்வி கல்யாண சீசன் வந்தால் என்னிடம் வராமல் இருப்பதில்லை. கல்யாணத்துக்கு முந்தின இரவு பந்தலுக்கு அடியில் பாயை விரித்து, நாலு பேர் உட்கார்ந்து, எட்டுப் பேர் சுற்றி நின்று பார்க்கிற காட்சி உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அங்கே என்ன ஆட்டம் ஆடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்காமல் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

குர்ஆனில் சீட்டுக்கட்டு என்ற சொல் இல்லை. நபி (ஸல்) அவர்கள் காலத்து அரபு நாட்டில் அது இருக்கவும் இல்லை. பிற்காலத்தில்தான் முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது. எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் காலத்துச் சீட்டுகள் இன்றும் இஸ்தான்புல் டோப்காபி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆர்ட்டின், ஸ்பேடுக்குப் பதிலாக அதில் கோப்பை, காசு, வாள், போலோ மட்டை. ராஜாவுக்கு 'மலிக்' என்றும் அடுத்தவருக்கு 'நாயிப்' என்றும் பெயர். அந்த 'நாயிப்' என்ற அரபுச் சொல்தான் ஸ்பெயினுக்குப் போய்ச் சீட்டுக்கே பெயராக ஆனது என்கிறார்கள். ஆக, ஐரோப்பாவுக்குச் சீட்டு போன வழியில் நம்மவர்களும் இருந்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

குர்ஆனில் இருக்கிற சொல் 'மைஸிர்'. அது என்ன? தஃப்ஸீர்களில் விவரம் இருக்கிறது. ஜாஹிலிய்யா காலத்தில் ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு: 'ஃபத்' என்ற அம்புக்கு ஒன்று, 'தவ்அம்' என்ற அம்புக்கு இரண்டு, இப்படியே ஏறி 'முஅல்லா' என்ற அம்புக்கு ஏழு. மீதி மூன்றும் வெறும் அம்புகள். பைக்குள் போட்டுக் குலுக்கி ஒருவர் எடுத்துக் கொடுப்பார். வெறும் அம்பு யார் பெயருக்கு வந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஜெயித்தவர்கள் அந்தக் கறியைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஏழைகளுக்குக் கொடுத்தார்கள்! அதைச் சொல்லிப் பெருமை அடித்தார்கள். இந்த ஆட்டத்தில் சேராதவனைக் கஞ்சன் என்று ஏசினார்கள். பஞ்ச காலத்தில் ஏழைக்குக் கறி கிடைக்கிறது. இதைவிட நல்ல காரியம் உண்டா என்று நமக்குத் தோன்றும். சூரா பகராவின் 219ஆம் வசனம் அந்தப் பயனை மறுக்கவில்லை. மனிதர்களுக்கு அதில் பயன்களும் உண்டு, ஆனால் பாவம் அந்தப் பயனைவிடப் பெரியது என்று அல்லாஹ் சொல்கிறான். பிறகு சூரா மாஇதாவின் 90, 91 வசனங்களில் முழுத் தடை வந்தது. அங்கே அல்லாஹ் காரணத்தையும் சொல்கிறான்: ஷைத்தான் இதைக்கொண்டு உங்களுக்குள் பகையை மூட்டுகிறான், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுக்கிறான். பணம் போவதை அங்கே அல்லாஹ் சொல்லவில்லை, பாருங்கள். பகையையும் தொழுகையையும்தான் சொல்கிறான்.

இப்போது நம் ஊர் ஆட்டங்களுக்கு வருவோம். மங்காத்தா ஆடுகிறார்கள். உள்ளே, வெளியே என்று மாறி மாறிச் சீட்டைப் போடுகிறார்கள். கேட்ட சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். இதில் புத்திக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. இது காசுக்காகவே உண்டான ஆட்டம். காசை எடுத்துவிட்டால் ஐந்து நிமிஷம்கூட யாரும் உட்காரமாட்டார்கள்.

முன்னூற்று நாலு வேறு மாதிரி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கும் சேர்த்து 304. துரும்பு எது, யார் கையில் எது போனது, எதிரே இருக்கிற கூட்டாளி எதை வைத்திருப்பான் என்று நினைவு வைத்து ஆட வேண்டும். பிள்ளைகள் ஆடுகிற கழுதை ஆட்டம் இன்னொரு வகை. கடைசியில் சீட்டோடு நிற்பவன் கழுதை, அவ்வளவுதான்.

ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் இதற்கு ஓர் அளவுகோல் சொல்லப்பட்டிருக்கிறது. கணக்கையும் யோசனையையும் கொண்டு ஆடுவது சதுரங்கத்தைப் போன்றது; பணயம் இல்லாவிட்டால் மக்ரூஹ். வெறும் யூகத்தைக் கொண்டு ஆடுவது பகடையைப் போன்றது, அது ஹராம். பகடை விஷயத்தில் முஸ்லிமில் வருகிற ஹதீஸ் கடுமையானது. ஹனஃபி மத்ஹபிலோ சதுரங்கத்திலேயே கண்டிப்பு அதிகம். சீட்டு என்றாலே கூடாது என்று சொல்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள். எனவே ஹனஃபியான உங்கள் மச்சான் பாயில் உட்கார மறுத்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள்.

ஆனால் பணயம் வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. முன்னூற்று நாலு ஆனாலும் சரி, கழுதை ஆனாலும் சரி, ஹராம். "தோற்றவன் எல்லாருக்கும் டீயும் பரோட்டாவும் வாங்கித் தரணும்" என்கிறீர்களே, அதுவும் பணயம்தான். ஒட்டகத்தின் விலையைத் தோற்றவன் கட்டினான். இங்கே பரோட்டாவின் விலையைக் கட்டுகிறான். 'வா, சூதாடுவோம்' என்று வாயால் அழைத்தவனே அதற்காக ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. அழைத்ததற்கே இப்படி என்றால்...

அடுத்தது ரம்மி. பதின்மூன்று சீட்டைச் சேர்க்க வேண்டும், ஜோக்கர் இல்லாத ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். இதில் திறமை இருக்கிறது என்று 1967லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படியே சொன்னது. கம்பெனிகள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு விளம்பரம் செய்தன. நம் பிள்ளைகளும் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இது திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லிவிட்டது" என்றார்கள். பின்பு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதே கூடாது என்று. ஃபிக்ஹில் நாம் ஓதியதும் இதுதான்: பணம் நடுவில் வந்தபின் திறமையைப் பற்றிக் கேட்பதில்லை.

கணக்கையும் பாருங்கள். உதாரணத்துக்கு, ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் 600. கம்பெனி பத்து சதவீதம் எடுத்தால் 60 போய்விடும். பத்து ஆட்டத்தில் 600 ரூபாய் கம்பெனிக்கு. ஆறு பேரும் சமமான திறமைசாலிகளாக இருந்தாலும் கடைசியில் ஆளுக்கு 100 ரூபாய் நஷ்டம். மேஜையில் உட்காராதவன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறான்.

சென்ற வருடம் ஒரு சகோதரி தன் வாப்பாவோடு என்னைப் பார்க்க வந்தார். கருகமணிச் சங்கிலி அடகில் இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவில்லை. கணவர் இரவு இரண்டு மணிக்கு பாத்ரூமுக்குள் போனைக் கொண்டுபோய் ஆடுகிறாராம். ஃபஜ்ருக்கு எழுப்பினால் அடிக்க வருகிறாராம். பகையும் தொழுகையும் என்று அல்லாஹ் சொன்னானே, அந்த இரண்டும் ஒரே வீட்டில். சட்டம் வந்தபின் அவர் ஆடிய ஆப் நின்றுவிட்டது. ஆனால் யாரோ அனுப்பிய லிங்க்கில் வேறொன்று வந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் இதைப் படித்துக்கொண்டு இருந்தால், உங்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். விட்டதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் ஆடாதீர்கள், போனது போகட்டும். இன்றைக்கே ஆப்பை அழித்துவிட்டு, வங்கி அட்டையையும் சம்பளத்தையும் மனைவியிடமோ வாப்பாவிடமோ கொடுங்கள். ஜெயித்த பணம் கையில் இருந்தால், யாரிடம் ஜெயித்தீர்கள் என்று தெரிந்தால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். தெரியாவிட்டால் நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதைப் பள்ளிவாசல் உண்டியலில் போடாதீர்கள். ஆடுவதற்காகக் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கடன் உங்கள் பொறுப்பு. கொடுத்தவர் சூதாடவில்லை, அவர் பணம் அவருக்கு வேண்டும்.

ஜமாஅத்தார்களுக்கும் ஒன்று உண்டு. பாவத்துக்காகக் கடன்பட்டவன் தவ்பா செய்துவிட்டால் அவனுக்கு ஜகாத்தில் இருந்து கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ ஃபிக்ஹில் இருக்கிறது. தவ்பா உண்மைதான் என்பது தெரிய வேண்டும். சில மாதம் பார்த்துவிட்டு, பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன்காரரிடமே நேராகக் கட்டலாம். "சூதாடி" என்று தெருவில் பெயர் வைத்துவிட்டால் அவன் எந்த வாசல் வழியாகத் திரும்பி வருவான்? நம் பைத்துல்மால் நிர்வாகிகளிடம் இதைப் பேசியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்கள். வர வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு என் அறைக்கு வரலாம். பெண்கள் மஹ்ரமோடு வரலாம். வெளியே பெயர் போகாது.

கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பாய் விரித்துக் கொடுக்கும்போதே காசு கூடாது, பாங்கு சொன்னால் கட்டை மூடிவிட வேண்டும் என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிடட்டும். சொல்ல ஆள் இல்லை என்றால் பாயை விரிக்காதீர்கள்.

நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.