பாவம் வேறு, பாத்தியதை வேறு

மணவாழ்வு தொடங்கும்போது பொருளைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். மஹர் எவ்வளவு, நகை எத்தனை பவுன், சீர் என்னென்ன என்று பேசி முடித்த பிறகுதான் நாள் குறிக்கிறோம். ஆனால், அவ்வாழ்வு முறியும்போது பொருளைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவாக நமக்குத் தோன்றுகிறது. போனது போகட்டும், மானத்தோடு வீடு வந்து சேர் என்று பெண்ணைத் தேற்றுகிறோம். போனது யாருடைய பொருள் என்று கேட்பதில்லை. அதிலும், முறிந்த உறவு நிக்காஹ் என்னும் உடன்படிக்கையே இல்லாத உறவாக இருந்துவிட்டால், அக்கேள்விக்கே இடமில்லை என்று தீர்ப்பளித்து விடுகிறோம். இத்தீர்ப்பு மார்க்கத்துக்கும் அறத்துக்கும் பொருந்துமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ளது கோலியனூர். அதன் கூட்டுரோட்டில் ஒருவனும் ஒருத்தியும் சேர்ந்து சிற்றுண்டிக் கடை ஒன்று நடத்தினார்கள் என்று கொள்வோம். அவர்கள் மணந்துகொள்ளவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் நாளைக் கடத்தி வந்தான். அவளுடைய எட்டுப் பவுன் நகை அடுப்பாகவும் பாத்திரமாகவும் பலகையாகவும் மாறிற்று. விடியுமுன் எழுந்து மாவும் சட்னியும் அரைத்தவள் அவள்; கல்லாவில் உட்கார்ந்தவன் அவன். பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் ஒரு மனைக்கட்டு வாங்கினார்கள். பத்திரமும் பட்டாவும் அவன் பெயரில் பதிவாயின. ஒருநாள் அவன் வேறொருத்தியை ஊரறிய மணந்துகொண்டு, இவளை வெளியேறச் சொல்கிறான். அந்த மனையில் இவளுக்குப் பாத்தியதை உண்டா?

‘முறைதவறி வாழ்ந்தவளுக்கு முறை பேச என்ன தகுதி?’ என்று ஊர் கேட்கும். நாட்டுச் சட்டம் அவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. எனினும் அதன் கை நீளம் குறைவு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்தின் தன்மை கொண்ட உறவையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அது எத்தகைய உறவு என்பதை 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக மேலே சென்ற வழக்கு அது. நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் டி.எஸ். தாக்கூரும் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்கள். இருவரும் கணவன் மனைவியைப் போல் சமுதாயத்தின்முன் வாழ்ந்திருக்க வேண்டும். மணத்துக்குரிய வயது வந்திருக்க வேண்டும். வேறு மணம் உள்பட எந்தத் தடையும் இருத்தலாகாது. தாமாக விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பெங்களூரில் எழுந்த மற்றொரு வழக்கில், ஏற்கெனவே மணமானவர் என்று அறிந்தே ஒருவரோடு பல்லாண்டு வாழ்ந்த பெண்ணுக்கு இச்சட்டம் துணைவராது என்று 2013 நவம்பரில் அதே நீதிமன்றம் கூறிற்று. இத்தகைய பெண்களின் நிலையைக் கருதிச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கும் எடுத்துரைத்தது.

நிபந்தனைகளை நிறைவு செய்தவளுக்குக் கிடைப்பது என்ன? பாதுகாப்பு, இருப்பிடம், பராமரிப்புத் தொகை, இழப்பீடு ஆகியவை கிடைக்கும். அவளுக்கே உரிய பொருள்களைத் திரும்பத் தரச்சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால், சேர்ந்து ஈட்டிய சொத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் விதி அச்சட்டத்தில் இல்லை. அதற்கு அவள் உரிமையியல் நீதிமன்றம் ஏறி, தன் பணம் எது, தன் உழைப்பு எது என்று சான்றுகளோடு மெய்ப்பிக்க வேண்டும். விற்ற நகைக்கு ரசீது வேண்டும். அரைத்த மாவுக்கு எங்கே ரசீது?

சான்று இல்லாத உரிமை என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. திரைப்பட நடிகர் லீ மார்வினோடு மணமின்றி வாழ்ந்து பிரிந்த பெண் தொடுத்த வழக்கில், அத்தகையோர் தமக்குள் செய்துகொண்ட பொருள் உடன்பாடு செல்லும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் அறிவித்தது. உலகமே வியந்தது. ஆனால், அப்படியோர் உடன்பாடு இருந்ததை அப்பெண்ணால் மெய்ப்பிக்க இயலவில்லை. 1979இல் விசாரணை நீதிமன்றம் அளித்த 1,04,000 டாலரையும் 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது. கொள்கையில் வென்றவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இனி, மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம். நிக்காஹ் இல்லாத கூட்டுவாழ்வை இஸ்லாம் விலக்கியுள்ளது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அதை நாம் மழுப்பவும் வேண்டியதில்லை. ஆயின், ஒருவர் பாவம் செய்தார் என்பதால் அவருடைய பொருள் மற்றவருக்கு ஹலாலாகி விடுமா? பிறர் பொருளை முறையின்றி உண்பதைத் திருமறை பொதுப்படவே தடுத்திருக்கிறது. அல் பகராவின் 188ஆம் வசனம் பொருளுக்கு உரியவர் நல்லவரா, கெட்டவரா என்று பார்க்கவில்லை. ஆண்கள் ஈட்டியதில் ஆண்களுக்கும், பெண்கள் ஈட்டியதில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்ற கருத்தை அந்நிஸாவின் 32ஆம் வசனம் நிலைநாட்டுகிறது.

நபி பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்கு ஒப்பற்ற சான்று உண்டு. கி.பி. 622இல் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில், தம்மிடம் இருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அண்ணலார் அங்கேயே விட்டுச் சென்றார்கள். அந்த ஊர் விக்கிரக வணக்கத்தில் மூழ்கியிருந்த ஊர். அண்ணலாரின் உயிருக்கே உலை வைத்த ஊர். அம்மக்களின் கொள்கை பாவமானது என்பதால் அவர்களுடைய பொருள்மீது அவர்களுக்கு இருந்த உரிமை அற்றுப்போகவில்லை. பகைவனின் அமானிதமே இவ்வளவு புனிதமானால், பன்னிரண்டு ஆண்டு ஒரே அடுப்பில் உழைத்தவளின் எட்டுப் பவுன் எப்படி அற்பமாகும்?

நம் ஃபிக்ஹு நூல்களும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கின்றன. நிபந்தனை குறைபட்டு ஃபாசிதாகிவிட்ட நிக்காஹில் இருவரும் கூடியபின் பிரிக்கப்பட்டால், ஹனஃபி மத்ஹபின்படி பெண்ணுக்கு மஹர் உண்டு; இத்தா உண்டு; பிள்ளைகள் தந்தையின் வம்சத்தைச் சேர்வார்கள். இருவருக்கும் இடையே வாரிசுரிமை மட்டும் இல்லை. உறவு குறைபட்டது என்பதற்காக எல்லா உரிமைகளையும் ஒரே கோடு கிழித்து அழித்துவிட நம் இமாம்கள் ஒப்பவில்லை.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். இவளுக்கு உரிமை உண்டு என்றால், மணமற்ற வாழ்வுக்கு நாமே வாசல் திறந்ததாகாதா? நிக்காஹின் மதிப்பு என்னாவது? இது கவலையோடு எழும் கேள்வி. இதை அலட்சியம் செய்யக்கூடாது. மனைவிக்குரிய மஹர், வாரிசுப் பங்கு முதலியவை மனைவிக்கே உரியவை. அவற்றை இவளுக்கும் கொடு என்று நாம் சொல்லவில்லை. இவள் போட்ட முதல், கூட்டுத்தொழிலில் இவளுடைய பங்கு, செய்த வேலைக்கு நியாயமான கூலி ஆகியவற்றைக் கொடு என்றே சொல்கிறோம். அறிமுகமற்ற ஒருத்தி அக்கடையில் பங்காளியாக இருந்திருந்தால் இவற்றை மறுப்போமா? மேலும், மறுப்பதால் யாருக்கு இலாபம் என்று பார்க்க வேண்டும். பாவத்தில் இருவருக்கும் பங்கு. ஆனால், தண்டனை அவளுக்கு, மனைக்கட்டு அவனுக்கு! மஹர் கொடுத்து மணந்தவனுக்குப் பொறுப்பு உண்டு. மணக்காமல் ஏய்த்தவனுக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்றால், நிக்காஹைத் தட்டிக்கழிப்பவனுக்கு நாமே பரிசு அளிக்கிறோம். நிக்காஹின் மதிப்பைக் குலைப்பது இதுவே.

இவ்வளவும் யாரோ பிறருடைய கதை என்று நினைத்தால் அது பெரும் பிழையாகும். முறையாக நிக்காஹ் செய்த நம் பெண்களின் நிலை என்ன? கணவனின் அரபுநாட்டுப் பயணத்துக்காக மனைவியின் நகை விற்கப்படுகிறது. அவன் அனுப்பும் பணத்தில் அவள் வாயைக் கட்டிக் குடும்பத்தை நடத்தி மிச்சம் பிடிக்கிறாள். வீடு எழும்புகிறது, பத்திரம் கணவன் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருக்கிறது. தலாக் என்று வந்துவிட்டால், இத்தாக் காலச் செலவோடு கணக்குத் தீர்ந்ததாக ஜமாஅத்திலும் பேசி முடிப்பது உண்டு. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டமோ, மஹரையும், மணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு அளிக்கப்பட்ட பொருள்களையும் திருப்பித் தரச் சொல்கிறது. அவளுடைய எதிர்காலத்துக்கான நியாயமான ஏற்பாட்டையும் இத்தாக் காலத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தது. சவூதி அரேபியாவில் பணியாற்றிய ஒருவரின் குடும்பச் சொத்து வழக்கில், வீட்டைக் கட்டிக்காத்த மனைவியின் உழைப்பும் ஈட்டலே என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கருதி, அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டென்றார். இது மார்க்கத்துக்குப் புறம்பான புதுமை என்று கருதுவோர் மலாய் நாட்டைப் பார்க்கட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்தை ‘ஹர்த்தா செபஞ்சாரியான்’ என்பார்கள். தலாக்கின்போது அதைப் பங்கிடும் அதிகாரத்தை, மலேசியக் கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் ஷரீஅத் நீதிமன்றத்துக்கே அளித்திருக்கிறது. அங்கு குடியேறி வாழும் நம் தமிழ் முஸ்லிம்களுக்கு இது பழகிப்போன வழக்கம்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல் பகராவின் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. அன்பு உள்ள இடத்தில் எழுத்து எதற்கு என்று நாம் கேட்கிறோம். எழுத்து அன்பைக் காக்கும் என்று மறை கற்பிக்கிறது. மனைவியின் நகை விற்ற தொகை வீட்டில் சேர்ந்தால் பத்திரத்தில் அவள் பெயரும் சேரட்டும். நிக்காஹ் தப்தரில் மஹரோடு பெண் கொண்டுவந்த பொருளின் விவரமும் ஏறட்டும். மணமின்றி வாழ்ந்து கைவிடப்பட்டவள் ஜமாஅத்தின் வாசலுக்கு வந்தால், அவள் குற்றத்தை விசாரிக்கும் ஆர்வத்தில் பாதியேனும் அவள் கணக்கை விசாரிப்பதில் இருக்கட்டும்.

இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள குற்றம் தவ்பாவினால் மன்னிக்கப்படலாம். அடியானுக்கு அடியான் இழைத்த அநீதியோ, உரியவரிடம் சேர்ப்பித்தாலன்றித் தீராது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாகப் பறித்தவனுக்கு மறுமையில் உண்டாகும் இழிவை நபிமொழி எச்சரிக்கிறது. கோலியனூர் மனைக்கட்டு பல நூறு சாண் இருக்கும். அவளுடைய பாவத்தைச் சொல்லி அதைத் தனதாக்கிக்கொண்டவன், தன் பாவத்தோடு அவளுடைய பொருளையும் சேர்த்தே சுமந்து செல்கிறான். பிரியும்போதும் நேர்மை தவறாதவர்களாக எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.