கடமை என்ற பதில்

எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932இல் இயக்கிய ‘புரோக்கன் லல்லபை’ படம், முதல் உலகப்போர் ஓய்ந்து ஓராண்டு ஆன நாளில் பாரிஸில் தொடங்குகிறது. தேவாலயத்தில் மண்டியிட்டிருக்கும் அதிகாரிகளின் இடுப்பில் வாள் தொங்குகிறது. கூட்டம் கலைந்த பின், பால் என்ற இளம் இசைக்கலைஞன் போர்க்களத்தில் ஒரு ஜெர்மானியனைக் கொன்றதைப் பாதிரியாரிடம் சொல்லி அழுகிறான். செத்துக்கொண்டிருந்தவன் ஒரு கடிதத்தில் கையெழுத்திட முயன்றான், கை ஓடவில்லை. அந்தக் கையைப் பிடித்து எழுத வைத்தவன் கொன்றவனேதான். கடமையைத்தானே செய்தாய் என்கிறார் பாதிரியார். பாலுக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம் வருகிறது. அது நியாயமான ஆத்திரம். தண்டனை உண்டா என்று கேட்பவனுக்குத்தான் கடமை பதிலாகும். என் கையால் ஓர் உயிர் போய்விட்டது, இனி நான் என்ன செய்ய என்று கேட்பவனிடம் அதைச் சொல்வது, எழுந்து போ என்று சொல்வதுதான்.

இப்படியெல்லாம் பேசினால் நாட்டைக் காக்க எவன் துப்பாக்கி எடுப்பான் என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய பதில் உண்டு. 1066இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் வென்ற நார்மன் படை, போப்பின் ஆதரவு தனக்கிருப்பதாகச் சொல்லிக்கொண்டு போன படை. ஆனாலும் அவர்களுடைய ஆயர்களே வீரர்களுக்குப் பரிகாரம் விதித்தார்கள். போப்பின் தூதர் அதை உறுதிசெய்தார். கொன்றது உறுதியானால் தலைக்கு ஓராண்டு. அடிபட்டவன் செத்தானா என்று தெரியாவிட்டால் நாற்பது நாள். எத்தனை பேர் விழுந்தார்கள் என்று அறிய வழியில்லாத வில்லாளிகளுக்கு மூன்று தவக்காலம். தொலைவிலிருந்து கொன்றவனையும் அந்தக் கணக்கு விடவில்லை. பீரங்கிக்கும் டிரோனுக்கும் நம் காலத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. வசதியுள்ளவன் தேவாலயம் கட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது உண்மை. பணம் எங்கேதான் நுழையாது! ஆனால் யாரையும் குற்றவாளி என்று ஒதுக்கவில்லை, படையும் கலைந்துவிடவில்லை. குற்றம் சாட்டாமலே பரிகாரம் கேட்க முடியும் என்பதற்கு இது போதும்.

சுட்டவனை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும், அனுப்பியவர்கள் எங்கே என்பது இதைவிடக் கனமான கேள்வி. படத்தில் அதைக் கேட்பவர் செத்தவனின் தந்தை, டாக்டர் ஹோல்டர்லின். செத்தவனின் வீட்டைத் தேடி ஜெர்மனிக்கு வந்த பிரெஞ்சுக்காரன் பால் மேல் கொதிக்கும் ஊர்ப் பெரியவர்களிடம், பிள்ளைகளைக் கொல்ல அனுப்பிவிட்டு எதிரியின் சாவுக்குப் பீர் குடித்துக் கொண்டாடிய தகப்பன்மார் நாம்தானே என்கிறார். வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷேயும், அவர்களுடைய மனக்காயத்தின் நடுவில் மேலிருந்தவர்கள் செய்த துரோகத்தைக் கண்டார். என்றாலும் தகப்பன்மார் தங்கள் பங்கை ஏற்பதால் பாலின் பங்கு குறைந்துவிடாது. பங்குபோட்டுத் தீர்க்க இது கடன் அல்ல.

படம் தடுமாறுவது முடிவில். கொன்றது தான்தான் என்ற உண்மையை ஹோல்டர்லின் தம்பதியிடம் சொல்லத் துடிக்கும் பாலை, செத்தவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எல்சா தடுக்கிறாள்: சொன்னால் உன் பாரம் இறங்கும், அவர்கள் மகனை இன்னொரு முறை இழப்பார்கள். மறுக்க எளிதான வாதம் அல்ல. பால் அந்த வீட்டிலேயே மகனாகத் தங்கி, இறந்தவனின் வயலினை வாசிக்கிறான். ஆனால் அவனை மன்னிக்கவோ வீட்டை விட்டுத் துரத்தவோ உரிமையுள்ளவர்கள் அந்தப் பெற்றோர் இருவர் மட்டுமே. அவர்களைக் கேட்காமலே, இளையவர்கள் இருவர் அந்த உரிமையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஊரே எதிர்த்து நின்றபோது தன் கையிலும் ரத்தம் உண்டென்று சொல்லத் துணிந்த கிழவருக்கு, இந்த உண்மையைத் தாங்கும் வலு இருந்திருக்காது என்று யார் முடிவு செய்தது?