தலைமையும் பொருளும்

மேல்வகுப்புக் கல்விச்சாலை யொன்று செவ்வனே நடைபெறுதற்குத் தலைமையாசிரியரின் தகுதி காரணமோ, பொருள் காரணமோ என்னும் வினா நம்மவரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. நல்ல தலைவர் வாய்ப்பின் மரநிழலும் கல்லூரியாம் என்பர் ஒரு சாரார். கையிற் பொருளில்லாதவர் எத்துணை வல்லவராயினும் யாது செய்வார் என்பர் மற்றொரு சாரார். முன்னதைக் கூறுவோர் பெரும்பாலும் பொருள் கொடுக்கவேண்டிய இடத்திலும், பின்னதைக் கூறுவோர் உழைக்கவேண்டிய இடத்திலும் இருத்தல் நோக்கத்தக்கது. ஆதலின் இது நிருவாக வினா மாத்திரமன்று. கடன் யாருடையது என்னும் அறவினாவுமாம்.

இதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை நிலைபெற்றது. அவர்களே 1872இல் அவ்வூரில் ஆரம்பித்த சைவாங்கில வித்தியாசாலையோ சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தொடங்கியவர் ஒருவரே, ஊரும் ஒன்றே, ஊக்கமும் குன்றியதன்று. தலைமையே போதுமெனின் இரண்டாவது பள்ளி ஏன் வீழ்ந்தது?

தமிழ்ப்பள்ளிக்கு வேண்டியவை சில: எழுத்தறிந்த ஆசிரியர், அச்சிட்ட பாடநூல், ஒரு கொட்டகை. நாவலரவர்கள் வீடுதோறும் பெற்ற பிடியரிசி அவற்றுக்கு ஓரளவு உதவிற்று. மேல்வகுப்புக் கல்வியோ தன்மையாலேயே வேறு. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அவர்க்கு நிலையான சம்பளம் வேண்டும். நூலகமும் கருவியும் வேண்டும். அரசாங்க நன்கொடை கிடையாத நிலையில் அச்செலவை ஒருவர் தோள் நெடுநாட் சுமத்தல் அரிது. அப்பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அவர்கள் மீண்டும் ஓர் ஆங்கிலப்பள்ளி தொடங்கினார்கள். அது 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபையாரின் பொறுப்பிற் சேர்ந்து, பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் வளர்ந்தது. முன்னது ஒருவர் கடனாயிருந்தது. பின்னது ஒரு சபையின் கடனாயிற்று. தலைமையின் முதற்றொழில் தானே சுமத்தலன்று, பிறரையும் சுமக்கச் செய்தலே என்பது இவ்விரண்டு பள்ளிகளையும் ஒப்பிடுவார்க்கு விளங்கும்.

திருக்கோணமலையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1897இல் தோன்றிய இந்துப் பாடசாலை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபின் உறுதிபெற்றது. சுவாமி விபுலாநந்தர் அதற்கு உழைத்தார்கள். எனினும் நகரத்துக்கு வந்த நன்மை அதன் வடகோடிக்கு எளிதிற் செல்வதன்று.

திரியாயை எடுத்துக்கொள்வோம். குச்சவெளிக்கும் அப்பால், கடலுக்கும் காட்டுக்கும் இடையே வயல் சூழ்ந்த பழைய ஊர் அது. அவ்வூர்க் குன்றின் பாறையில், வணிகர் இருவர் திருப்பணியைப் புகழும் வடமொழிச் சாசனம் 1,000 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது. (நம் பள்ளிகளுக்குக் கொடுத்தோர் பெயரைச் சுவரிலெழுதுதல் வீண்புகழ் என்று பழிப்போர் இதனையும் நினைப்பாராக.) 1985இல் அவ்வூர் எரிந்தது, மக்கள் சிதறினர். பல்லாண்டு கழித்து மீண்டு வந்தோர் கிணறு முதற்கொண்டு யாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டியவராயினர். இத்தகைய ஊரில் ஒரு மாணவி கணிதமும் பௌதிகமும் கற்க விரும்பின், அவள் கல்வி அதிபரின் ஊக்கத்தில் மாத்திரம் தங்குவதாமோ?

தலைக்கு இத்துணை ரூபாய் என்று பங்கிடுதல் நடுவுநிலை போலத் தோன்றும். இருபது பேர் கற்கும் வகுப்புக்கும் இருநூறு பேர் கற்கும் வகுப்பு வரிசைக்கும் பௌதிக ஆசிரியர் ஒருவரேனும் வேண்டும்; தராசு ஒன்றேனும் வேண்டும். மாணவர் தொகை பத்திலொன்றாயின் ஆசிரியரையும் பத்திலொன்றாக்குதல் கூடுமோ? எண்ணிக்கையாற் சமன் செய்வது சிற்றூர்ப் பிள்ளைக்கு அநீதியாய் முடிகின்றது. 1945இல் இலவசக் கல்வியும், 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகளின் பொறுப்பும் அரசாங்கத்தைச் சார்ந்தன. பொறுப்பை ஏற்றவர், சிற்றூர் அதிபரின் தியாகத்தைப் புகழ்ந்து அக்கடனைத் தீர்த்துவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அற்றேல், அதிபர்க்கு யாதொரு குற்றமுமில்லையோ எனின், உண்டு. உள்ள பொருளையும் இல்லாததாக்கும் தலைமை நம்மிடையே குறைந்ததன்று. கண்ணாடிக் குழாய் உடைந்தாற் கணக்காய்வாளருக்கு விடை கூறவேண்டுமே என்றஞ்சி, ஆய்கருவிகளை அலுமாரியிற் பூட்டித் திறவுகோலை இடுப்பிற் செருகியிருக்கும் அதிபரை ஆசிரியர் யாவரும் அறிவர். அங்கே பதிவேட்டில் ஒன்றும் குறைவதில்லை; பிள்ளைகளின் அறிவில் யாவும் குறைகின்றன. உடையாத குழாய் கற்பிக்காத குழாய். உடைந்ததை உடைந்ததென்று எழுதிக் கையொப்பமிடும் துணிவு தலைமைக்கு இன்றியமையாதது.

இனி, ஊரவரிடம் பொருள் பெறுதலிலும் ஓர் அறநுட்பம் உண்டு. பிடியரிசி கொடுத்த வீட்டார் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்தனர். யார் கொடுத்தார், யார் கொடாதார் என்று எவரும் பிள்ளையைக் கேட்டதில்லை. இக்காலத்திற் சில பள்ளிகளில் இத்துணை ரூபாய் என்று வரையறுத்து, கொடாதார் பெயரை வகுப்பிற் படித்தலைக் காண்கின்றோம். இரண்டும் ஊர்க்கொடையென்றே பெயர் பெறும். முன்னதிற் பள்ளி ஊரதாகிறது. பின்னதில் ஏழைப் பிள்ளை பள்ளிக்கு அயலாகிறது. இருமுறை இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தின் பிள்ளை அவ்வாறு எழுந்துநின்ற நாளை மறப்பதரிது. அதனாற் பெற்ற பணத்திற் கூரை வேயப்படினும், அக்கூரையின்கீழ் அப்பிள்ளை மறுநாள் வாராதொழியலாம்.

சிற்றளவு பொருளே கைக்கு வரின் அதனை முதலில் எதிற் செலவிடுவது? வண்ணப்பூச்சு என்பர் சிலர். மேடை என்பர் சிலர். விழாவுக்கு வரும் பெரியோர் கண்ணிற் படுவன அவையே. சேய்மையூர்ப் பள்ளிகளின் பெருங்குறை கட்டடமன்று, ஆசிரியர் நில்லாமையே. நகரத்தினின்று வைகறையிற் புறப்பட்டு வந்து, மாலைப் பேருந்து தவறுமோ என்று மணி பார்த்துக் கற்பிக்கும் ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. அவர்க்கும் வீடும் மக்களும் உண்டு. நல்ல நீருள்ள கிணறும், பூட்டக்கூடிய அறை இரண்டும், அடுப்பெரிக்க ஒரு சாய்ப்பும் பள்ளிக்கருகே உண்டாயின், அவருட் சிலர் வாரத்தில் மூன்று இரவேனும் தங்குவர். அம்மூன்று மாலைகளிலும் விளக்கின்கீழ்க் கணிதம் நடக்கும்.