கல்வியின் பயனும் கூரத்தாழ்வான் எழுத்தாணியும்



உத்ஸவத்திற்கு வரும் சேவார்த்திகள் அர்ச்சனைத் தட்டை நீட்டிக் குழந்தையின் பெயரையும் நக்ஷத்ரத்தையும் சொல்லுகையில், கூடவே ஒரு விண்ணப்பத்தையும் சேர்ப்பது வழக்கம்: “படிப்பு நன்றாக வரவேண்டும்.” பரீட்சைக் காலமாயின் திருவஹீந்த்ரபுரத்தில் ஔஷதகிரியின்மேல் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ ஹயக்ரீவன் ஸந்நிதியை நாடிப் பெற்றோர் குழந்தைகளோடு படியேறுகின்றனர். இதில் குறையொன்றுமில்லை. வித்யைகளுக்கெல்லாம் ஆதாரமான எம்பெருமானிடம் வித்யையைக் கேளாமல் வேறெவரிடம் கேட்பது? ஆயினும் கேட்டது கிடைத்தபின், படிப்பு நன்றாக வந்தேவிட்டபின், அது படித்தவனை என்ன செய்யவேண்டும் என்று எண்ணுபவர் சிலரே. வேதாந்தம் இக்கேள்வியை ஒரு தகப்பனாரின் வாயிலாக எழுப்புகிறது.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாவது அத்யாயத்தில் வரும் உத்தாலகர் என்னும் மஹரிஷியே அத்தகப்பனார். அவருடைய குமாரன் ச்வேதகேது 12 வயதில் குருகுலம் புகுந்தான். வேதங்கள் அனைத்தையும் ஓதி 24 வயதில் வீடு திரும்பினான். திரும்பியவனுடைய நடையிலேயே கர்வம் தெரிந்ததாம். பிள்ளை படித்து வந்துவிட்டான் என்று மகிழ்ந்து ஊரார்க்கு விருந்திடவில்லை அந்தத் தந்தை. எந்த ஒன்றைக் கேட்டால் கேளாததும் கேட்டதாகுமோ, எந்த ஒன்றை அறிந்தால் அறியாததும் அறிந்ததாகுமோ, அந்த ‘ஆதேசத்தை’ ஆசார்யனிடம் கேட்டாயா என்று வினவினார். பிள்ளைக்கு விடை தெரியவில்லை.

‘ஆதேசம்’ என்னும் இச்சொல்லுக்கு உபதேசம் என்று பொருள் கொள்வாரும் உண்டு. ஸ்வாமி எம்பெருமானாரோ வேதார்த்த ஸங்க்ரஹத்தில், அனைத்தையும் ஆணையிட்டு நியமிக்கின்ற பரமாத்மாவையே இச்சொல் குறிக்கும் என்று நிர்வஹித்தருளினார். இப்பொருள் கொண்டு பார்த்தால் தந்தையின் கேள்வி வேறு உருவம் பெறுகிறது. “இன்னும் ஒரு பாடம் மீதியுள்ளதே, அதைப் படித்தாயா?” என்று அவர் கேட்கவில்லை. “நீ படித்தனவற்றுக்கும் உனக்கும் ஒரு ஸ்வாமி உளனே, அவனைக் குறித்து விசாரித்தாயா?” என்று கேட்டாராயிற்று. 12 ஆண்டு குருகுல வாஸத்தில் விட்டுப்போனது அதுவே.

பின்னர் மண்கட்டி, பொன், இரும்பு என்று பல உதாரணங்களால் உத்தாலகர் உபதேசித்து வருகிறார். நடுவிலே ஒரு விசித்ரமான பரீக்ஷை வருகிறது. 15 நாட்கள் அன்னம் உண்ணாதே, வேண்டிய அளவு நீர் மட்டும் பருகு என்கிறார். பிள்ளை அவ்வாறே இருந்து பதினாறாம் நாள் வந்து நின்றான். ருக்குகளையும் யஜுஸ்ஸுகளையும் ஸாமங்களையும் சொல் என்றார் தந்தை. ஒன்றும் தோன்றவில்லை என்றான் பிள்ளை. சென்று உண்டு வா என்றார். உண்டு வந்தபின் கேட்டவையெல்லாம் நினைவுக்கு வந்தன. பெருநெருப்பு அவிந்து மின்மினியளவே எஞ்சிய கங்கு, வைக்கோல் இட்டவுடன் மறுபடி மூண்டெழுவதுபோல என்று தந்தையே அதற்கு விளக்கம் கூறினார்.

அன்னத்தின் ஸாரத்தைக்கொண்டே மனம் இயங்குகிறது என்பது அங்கு அவர் காட்டும் தத்துவம். அதனோடு ச்வேதகேது கற்றுக்கொண்டது மற்றொன்றும் உண்டு. எந்த வித்யையைத் தன்னுடையது என்று நிமிர்ந்து நடந்தானோ, அது ஒரு பிடிச் சோற்றை நம்பி நின்றது! சோறோ மழையை நம்பியது. மழையோ அவனுடைய ஆணையை நம்பியது. இத்தனை பேரிடம் கடன் வாங்கியவன் எதைச் சொல்லித் தலை நிமிர்வது?

குலம், செல்வம், கல்வி இம்மூன்றாலும் வரும் செருக்கை முக்குறும்பு என்பர் நம் பெரியோர். செல்வச் செருக்கு செல்வம் போனால் போய்விடும். கல்விச் செருக்கு அப்படியன்று; பல் விழுந்த பின்னும் நாவில் நிற்பது அது. (வித்வத் ஸதஸ்ஸுகளுக்குச் சென்று வந்தவர்களுக்கு இது நன்கு தெரியும்.) இம்மூன்றையும் கடந்தவர் என்று கொண்டாடப்பெற்றவர் கூரத்தாழ்வான். கற்றதில் குறைந்தவரல்லர் அவர். போதாயன வ்ருத்தி க்ரந்தம் கைவிட்டுப் போனபோது, இரவுகளில் அதை வாசித்தே நெஞ்சில் பதித்திருந்தவர்.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்ய, ஆழ்வான் பட்டோலை கொண்டு வந்தார். தமக்கு இசையாத அர்த்தம் வருமிடத்தில் எழுதாமல் நிறுத்திவிடவேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்ல வந்தவிடத்தில், அறிபவனாய் இருக்கும் தன்மையாகிய ஜ்ஞாத்ருத்வத்தை மாத்திரமே லக்ஷணமாக ஸாதித்தருளினார் உடையவர். எழுத்தாணி நின்றது. எம்பெருமானுக்கே உரியவனாய் இருக்கும் சேஷத்வம் அன்றோ முற்பட்டது என்பது ஆழ்வானின் திருவுள்ளம். உடையவர் சீறியருளினார். அருகிலிருந்தோர் கலங்கி ஆழ்வானை விசாரிக்க, உடைமையை உடையவன் எப்படிச் செய்தால் என்ன என்று அமைதியாக இருந்தாராம். பின்னர் எம்பெருமானார் தாமே ஆராய்ந்து, ஆழ்வானின் கருத்தே தக்கது என்று தெளிந்து, மீண்டும் அழைத்து எழுதச் செய்தார் என்பது குருபரம்பரைச் செய்தி.

கல்வியைப் பற்றிய விசாரம் முழுவதும் அந்த எழுத்தாணி நின்ற இடத்தில் அடங்கியிருக்கிறது. மனிதன் அறிபவன் மட்டுமே என்றால், அதிகம் அறிந்தவன் பெரிய மனிதன், குறைய அறிந்தவன் சிறிய மனிதன் என்றாகும். மதிப்பெண் குறைந்த குழந்தையைப் பெற்றோரே தாழ்வாகப் பார்ப்பதும், சில வீடுகளில் அக்குழந்தை உயிரையே வெறுத்துப் போவதும் இந்த எண்ணத்தின் விளைவன்றி வேறென்ன? மனிதன் முதலில் அவனுக்கு உரியவன், அறிவு அந்த உரியவனுக்கு அளிக்கப்பட்ட கருவி என்றால், முதல் மாணவனும் கடைசி மாணவனும் ஒரே ஸ்வாமியின் சொத்துக்கள். கருவி கூர்மையாகவும் இருக்கலாம். சற்று மழுங்கியும் இருக்கலாம். கைங்கர்யத்திற்கு இரண்டும் வேண்டும்.

அதே ஆழ்வானிடம் பாடம் கேட்டவன் நாலூரான். கற்ற அறிவைக்கொண்டு சோழமன்னனுடைய மந்த்ரியாக உயர்ந்தான். மன்னன் தன் ஸமயக் கொள்கைக்கு எல்லோரிடமும் கையொப்பம் வாங்கியபோது, உடையவரும் கூரத்தாழ்வானும் இசைந்து எழுதினாலன்றி இதற்கு மதிப்பில்லை என்று எடுத்துக்கொடுத்தது அவனுடைய புத்தி. எம்பெருமானார் மேல்நாடு எழுந்தருள, அவருடைய காஷாயத்தை உடுத்து ராஜஸபைக்குச் சென்ற ஆழ்வான் தம் கண்களை இழந்தார். அறிவில் மந்தமாயிருந்தவன் இதைச் செய்திருக்க முடியாது. நன்றாகப் படித்தவனாலேயே முடிந்தது.

பல்லாண்டு கழித்துத் திரும்பி எழுந்தருளிய எம்பெருமானார், காஞ்சியில் பேரருளாளனை ஸ்தோத்ரம் செய்து கண்களைக் கேட்டுப் பெறும்படி ஆழ்வானை நியமித்தார். ஆழ்வானும் வரதராஜ ஸ்தவம் பாடி நின்றார். வேண்டுவது யாது என்று பெருமாள் திருவாய்மலர்ந்தருள, தமக்குக் கிட்டும் பரமகதியை நாலூரானுக்கும் தந்தருளவேண்டும் என்று விண்ணப்பித்தார். அப்படியே ஆகுக என்று அருளினான் பேரருளாளன். கண்களைக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த எம்பெருமானாரிடம், ஆழ்வான் கண்களைக் கேளாமலே திரும்பி வந்தார்.