கீழான வித்தை எது?

மார்கழி மாதத்து இரவொன்றில், எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் முண்டகோபநிஷத்தைப் பற்றி ஓர் உபந்நியாசம் நடந்தது. சொன்னவர் நல்ல வித்வான். குரலும் கணீரென்று இருந்தது. பரவித்தை, அபரவித்தை என்ற பாகுபாட்டை அவர் விஸ்தரித்தபோது, குளிரையும் மறந்து எல்லோரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். உபந்நியாசம் முடிந்து, தொன்னையில் சுண்டலை வாங்கிக்கொண்டு கூட்டம் கலைகிற சமயத்தில், கல்லூரியில் பௌதிகம் படித்துவந்த பக்கத்து வீட்டுப் பையன் அவரிடம் போய், "மாமா, நான் காலேஜிலே படிக்கிறேனே, அது இதிலே எதுலே சேர்த்தி?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "அது வயித்துக்குடா அம்பி, இது ஆத்மாவுக்கு" என்று சொல்லிவிட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். பையன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பதில், பல்லிடுக்கில் அகப்பட்ட கடலைத் தோல்போல, நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தலுக்குக் காரணம், அவர் சொன்ன விடை அவர் எடுத்துக்கொண்ட நூலிலேயே இல்லை என்பதுதான். பெரிய இல்லறத்தானாகிய சௌனகன், எதை அறிந்தால் எல்லாம் அறிந்ததாகும் என்று அங்கிரஸிடம் கேட்க, அவர் அறியத்தக்க வித்தைகள் இரண்டு என்று தொடங்கி, அபரவித்தையின் ஜாபிதாவைச் சொல்கிறார். அந்த ஜாபிதாவில் முதலில் நிற்பது எது என்று நினைக்கிறீர்கள்? ருக்வேதம். அடுத்து யஜுஸ், ஸாமம், அதர்வணம். பின்பு சிக்ஷை, கல்பம், வியாகரணம், நிருக்தம், சந்தஸ், ஜோதிஷம் என்ற ஆறு அங்கங்கள். அழியாத பொருளை அடைவிக்கும் அறிவு ஒன்றே பரம். மற்றவையெல்லாம், வேதம் உட்பட, அபரம். ஆகவே, நக்ஷத்திரங்களைக் கணிக்கும் சாஸ்திரமும் ருக்வேதமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்க, பையன் படித்த பௌதிகத்தை மட்டும் எச்சில் இலையோடு சேர்த்து வெளியே தள்ளுவதற்கு நியாயம் கிடையாது. மேலும், இரண்டும் அறியத்தக்கவை என்றுதான் அந்த ரிஷி சொன்னாரே தவிர, ஒன்றைக் கற்று மற்றதைக் கைவிடு என்று சொல்லவில்லை. அதே உபநிஷத்து பின்னால் சில வரிகளில் கடிந்து பேசுவது உண்மை. ஆனால் அங்கே அது ஓட்டைத் தோணி என்று இகழ்வது, பலனுக்காகச் செய்யப்படும் கர்மத்தை. பலனை எதிர்பாராமல், அறிய வேண்டும் என்பதற்காகவே ஒரு பொருளை அறிய முயல்கிறவனைப் பற்றி அங்கே ஒரு கடுஞ்சொல்லும் இல்லை.

அப்படி முயன்றவர்கள் நம் காலத்தில் கூடி வாழ்ந்த இடம் ஏதேனும் உண்டா என்று யோசித்தபோது, என் மனம் சென்ற இடம் கல்கத்தா. அந்நாளில் அப்பர் சர்க்குலர் ரோடு எனப்பட்ட வீதியின் 92-ஆம் எண்ணில், இராஜாபஜார் என்னும் சந்தடி மிகுந்த பேட்டையை ஒட்டி நிற்கிறது கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரி. 1914 மார்ச் 27-ஆம் தேதி அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் ஸர் அசுதோஷ் முகர்ஜி. ஹைகோர்ட் நீதிபதி, கணித மேதை, 1906 முதல் 1914 வரை அந்தச் சர்வகலாசாலையின் துணைவேந்தர். பரீட்சை நடத்திப் பட்டம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு ஸ்தாபனத்தை, கற்பிக்கிறவனே ஆராய்ச்சியும் செய்கிற இடமாக மாற்ற வேண்டும் என்பது அவருடைய சங்கற்பம். அதற்கு வேண்டிய திரவியம் சர்க்கார் கஜானாவிலிருந்து வரவில்லை. இரண்டு வக்கீல்களிடமிருந்து வந்தது. தாரக்நாத் பாலித் 1912-இல் நிலமும் பணமுமாக ஏறக்குறைய 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். மறு வருஷம் ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். சவரன் பதினைந்து ரூபாய்க்கு விற்ற காலத்துக் கணக்கு அது. வித்யாதானம் மற்றெல்லாத் தானங்களிலும் மேலானது என்று வாயாரச் சொல்லிவிட்டு, கோபுரத்துக்கும் அன்னசத்திரத்துக்கும் மட்டும் பணப்பையை அவிழ்க்கிற நம்மவரிடையே, கண்ணாடிக் குழாய்க்கும் துலாக்கோலுக்கும் மின்கலத்துக்கும் ஆஸ்தியை எழுதிவைத்த இவ்விருவரையும் எந்தப் புராணிகரும் இன்னும் பாடவில்லை.

தானத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. பாலித் ஏற்படுத்திய ஆசிரியர் பீடங்களில் இந்தியரே அமர வேண்டும் என்பது அது. கோஷும் அவ்வாறே விதித்தார். இங்கே நான் சற்றுத் தயங்கி நின்றேன். சத்தியத்துக்குத் தேசம் ஏது? நியூட்டனின் விதி இங்கிலாந்தில் ஒருவிதமாகவும் வங்காளத்தில் வேறுவிதமாகவும் நடப்பதில்லையே. அவ்வாறிருக்க, அதைக் கற்பிப்பவனுடைய பிறப்பைக் கேட்பது, வித்தையின் வாசலில் மறுபடியும் ஒரு ஜாதிப் பலகையைத் தொங்கவிடுவதாகாதா? ஆனால், எடின்பரோவில் 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிரபுல்ல சந்திர ராய், பிரஸிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில், ஐரோப்பியருக்கென்றே வகுக்கப்பட்ட உயர்ந்த உத்தியோக வரிசைக்குக் கீழே அமர்த்தப்பட்டதையும், அதே கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் குறைந்த சம்பளத்தைத் தொடமாட்டேன் என்று மூன்று வருஷம் வெறுங்கையாகவே பாடம் சொன்னதையும் நினைக்கும்போது, பலகையை முதலில் தொங்கவிட்டவர்கள் யார் என்பது விளங்குகிறது. அடைபட்ட வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறந்தவனை, சுவரை இடித்தான் என்று குறை சொல்ல முடியாது. எனினும், இது ஆபத்தர்மம். என்றைக்குமான தர்மமல்ல என்பதே என் அபிப்பிராயம்.

நிபந்தனையின் இன்னொரு பகுதி ஒரு தமிழரைத் தொட்டது. பீடத்தில் அமர்கிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று பாலித் விரும்பியிருந்தார். பௌதிகப் பீடத்துக்கு அசுதோஷ் தேர்ந்தெடுத்த சந்திரசேகர வேங்கடராமனோ, அதற்காகக் கப்பலேற முடியாது என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார். கடைசியில் விதி வளைந்தது, மனிதர் வளையவில்லை. 1917-இல், 28 வயதில், நிதி இலாகாவின் பெரிய உத்தியோகத்தை உதறி, அங்கே வாங்கியதில் ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்கு அவர் இந்தப் பீடத்தில் வந்து உட்கார்ந்தார். பென்ஷனும் பதவி உயர்வும் நிச்சயமான ஒரு வேலையை விட்டு வருவதென்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் காஷாயம் வாங்கிக்கொள்வதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் நன்கு அறிவார்கள்.

அவர் பிறந்தது திருவானைக்காவில். ஈசன் நீர் வடிவாக இருக்கிறான் என்று போற்றப்படும் அப்புஸ்தலம் அது. அங்கே பிறந்தவருடைய சித்தத்தைப் பிற்காலத்தில் பிடித்துக்கொண்டதும் நீர்தான் என்பதை நான் ஓர் அதிசயமாகச் சொல்லவில்லை; சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை. 1921-இல் கப்பற் பிரயாணத்தின்போது, மத்தியதரைக் கடலின் நீலத்தை அவர் கண்டார். கடல் நீலமாகத் தோன்றுவது வானத்தின் நிறம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிகல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளி அணைந்துபோகும் கோணத்துக்கு அதைத் திருப்பிப் பார்த்தார். வானத்தின் ஒளி மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து தோன்றியது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பது தெளிந்தது. அந்தச் சிறு பட்டகத்திலிருந்து தொடங்கிய விசாரம்தான் 1928 பிப்ரவரி 28-ஆம் தேதியின் ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் போய் முடிந்தது. அந்தச் சோதனை நடந்த இடம் கல்லூரியல்ல, மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய, பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான சங்கம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஓர் ஆசிரியனுக்குச் சோறும் அவகாசமும் கொடுத்து, அவன் மனம் போன வழியே ஆராய விட்டது கல்லூரியின் பீடம்.

இதைவிட என்னை நெகிழச் செய்வது வேறொரு செய்தி. கற்றவனே கற்பிக்க வேண்டும் என்பது நம்முடைய பழைய விதி. விஞ்ஞானக் கல்லூரியிலோ, கல்லாததைக் கற்பிக்கும்படி இரண்டு வாலிபர்களுக்குக் கட்டளை பிறந்தது. 1915-இல் எம்.எஸ்ஸி. பரீட்சையில் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் தேறிய சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும், ஐரோப்பாவில் அப்போதுதான் முளைத்திருந்த புதிய பௌதிகத்தை இங்கே யாரும் கற்பிக்கவில்லையே என்று முறையிட்டபோது, அசுதோஷ் அவர்களையே அதைக் கற்பிக்கும்படி விட்டார். கோஷ் பீடத்துக்கு உரியவராகிய தேவேந்திர மோகன் போஸோ படிக்கப்போன ஜெர்மனியில், மகா யுத்தம் மூண்டு, 1919 வரை திரும்ப முடியாமல் அகப்பட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியரும் இல்லை, நூலும் இல்லை. புரூல் என்ற ஓர் ஆசிரியரிடம் இருந்த ஜெர்மன் புத்தகங்களை இரவல் வாங்கி, பாஷையையும் சாஸ்திரத்தையும் ஒருங்கே பயின்று, இரவில் விளங்கிக்கொண்டதைப் பகலில் மாணவருக்குச் சொன்னார்கள். 1920-இல், ஐன்ஸ்டைனும் மின்கோவ்ஸ்கியும் எழுதிய சார்பியல் கட்டுரைகளை இவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சர்வகலாசாலை அவற்றை அச்சிட்டது. அதே 1920-இல், நக்ஷத்திரங்களின் வெப்பத்துக்கும் அவற்றின் நிறமாலையில் தோன்றும் கோடுகளுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சாஹா தம் சமன்பாட்டால் வெளியிட்டார். போஸ் மறு வருஷம் டாக்காவுக்குப் போய், 1924-இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய சிறு கட்டுரையின் கதையை உலகம் அறியும். 1945-இல் அவர் இந்தக் கல்லூரிக்கே கெய்ரா பீடத்தில் திரும்பி வந்தார். தனக்குத் தெரியாது என்பதை ஒளிக்காமல், மாணவனுக்கு ஓர் அடி முன்னால் மட்டும் நடந்துபோன இத்தகைய குருவை, சர்வக்ஞன் என்று மேடையில் வீற்றிருப்பவனைக் காட்டிலும் நான் அதிகம் நம்புவேன்.

இனி, உபந்நியாசகருடைய பதிலுக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து வந்த ஒரு குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும். 1916 முதல் இக்கல்லூரியில் ரசாயனப் பீடத்தை அலங்கரித்த பிரபுல்ல சந்திர ராய், ஹிந்து ரசாயனத்தின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதியவர். அந்த நூலில், நாகார்ஜுனர்களையும் சுச்ருதர்களையும் பெற்ற தேசம் ஏன் சோதனை புத்தியை இழந்தது என்று கேட்டு, இரண்டு காரணங்களைச் சொல்கிறார்: ஒன்று, ஜாதிக் கட்டு இறுகி, கைத்தொழில் தாழ்ந்தோருடையது என்று விலக்கப்பட்டமை, மற்றது, ஜடப் பிரபஞ்சம் பொய்த்தோற்றம் என்ற சங்கரருடைய மாயாவாதம். முதற்காரணத்தை நான் அட்சரம் தவறாமல் ஒப்புகிறேன். உலையை ஊதுகிறவனுக்குச் சூத்திரம் தெரியாமலும், சூத்திரம் தெரிந்தவனுக்கு உலை சுடும் என்பது தெரியாமலும் போன இடத்தில் ரசாயனம் பிழைக்க வழியில்லை. இரண்டாவதில் ஆசாரியருக்கு அநியாயம் செய்துவிட்டார் என்றே தோன்றுகிறது. வியவகார உலகில் பிரத்தியக்ஷமே பிரமாணம் என்பதைச் சங்கரர் மறுக்கவில்லை. நெருப்புக் குளிரும் என்று சுருதி சொன்னாலும் ஏற்கலாகாது என்னும் கருத்தைத் தம் கீதா பாஷ்யத்தில் துணிந்து எழுதியவர் அவர். மாயையைக் காரணம் காட்டிச் சோம்பியவர்கள் பின்னால் வந்தவர்கள். சோம்பேறிக்கு எந்தத் தத்துவமும் தலையணையாகும்.

ஜாதியைப் பற்றிய குற்றச்சாட்டு வெறும் சரித்திரமாகவும் இருக்கவில்லை. டாக்காவுக்கு அருகே ஒரு சிறு கிராமத்துக் கடைக்காரருடைய மகனாகப் பிறந்த சாஹா, கல்கத்தாவில் மாணவராக இருந்தபோது, ஹிந்து விடுதியில் உயர்ஜாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தார்கள். நக்ஷத்திரங்களின் வெப்பத்துக்கும் நிறமாலைக் கோடுகளுக்கும் உள்ள சம்பந்தத்தை உலகுக்குக் கணக்கிட்டுச் சொல்லப் போகிறவன், இலையைத் தூக்கிக்கொண்டு தனியே போய் உட்கார வேண்டியிருந்தது. பின்னாளில் அவரே சொன்ன ஒரு வேடிக்கையும் உண்டு. புகழ்பெற்ற டாக்கா வக்கீல் ஒருவர், இளைஞரான சாஹா தம் ஆராய்ச்சியை விளக்க விளக்க, இதில் புதிது என்ன, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே என்று இடைமறித்தாராம். எந்த வேதத்தில், எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, தாம் வேதத்தைப் படித்ததில்லை, ஆனாலும் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை என்றாராம். அந்த வக்கீலும் எங்கள் ஊர் உபந்நியாசகரும் எதிரெதிர்க் கட்சியினர் போலத் தோன்றினாலும், எனக்கு அவர்கள் சகோதரர்களாகவே படுகிறார்கள். ஒருவர் விஞ்ஞானத்தை வேதத்துக்குள் திணிக்கிறார். மற்றவர் வயிற்றுக்குள் திணிக்கிறார். அதை அதன் இடத்தில் வைத்து அறிய இருவருக்குமே சிரமமாக இருக்கிறது.

பௌதிகமும் ரசாயனமும் பரவித்தை ஆகிவிட்டன என்று நான் வாதிக்கவில்லை. அழியாத பொருளைக் குடுவையில் காய்ச்சிக் காண முடியாது. ராயும் அப்படிச் சொன்னவரல்லர், அவர் பிரம்ம சமாஜத்தவர். வயிற்றுக்கு என்று உபந்நியாசகர் சொன்னாரே, அந்தச் சொல்லுக்கு மட்டும்தான் என் ஆட்சேபம். மணமாகாத பிரம்மசாரியாகிய ராய், கல்லூரிக் கட்டிடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். ஒரு கட்டில், புத்தகங்கள், எப்போதும் கூடவே இரண்டொரு ஏழை மாணவர்கள். மாலையில் மைதானத்துக் காற்று. 1921-இல், அறுபது வயது நிறைந்ததும், தம் சம்பளம் முழுவதையும் ரசாயனப் பகுதியின் அபிவிருத்திக்கே சர்வகலாசாலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலும் பதினைந்து வருஷம், 1936 வரை, பாடம் சொன்னார். ஓய்வு பெற்ற பின்னும் அறையை விட்டுப் போகவில்லை. 1944 ஜூன் 16-ஆம் தேதி, எண்பத்துமூன்றாவது வயதில், சோதனைச்சாலைகளுக்கு நடுவேயிருந்த அந்த அறையில்தான் அவர் உயிர் பிரிந்தது.