சும்மா இருப்பவர்

ஓய்வு பெற்ற ஒருவரிடம், “சும்மாதான் இருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கூண்டில் ஏற்றப்பட்டவரைப்போல் பதறிப்போவார். பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது, ரேஷன் கடை, கோயில் கணக்கு என்று சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைப்பார்.

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் லாம், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் 33 வருஷம் கணக்கெழுதித் தேய்ந்தவர். 1825-இல் பென்ஷனுடன் விடுதலை கிடைத்தது. அந்தத் திகைப்பைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். அதில் வரும் மனிதருக்கு ஓய்வு கிடைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய ஆபீசை எட்டிப் பார்க்கப் போகிறார். அவருடைய மேஜை வேறொருவருக்குப் போய்விட்டது. தொப்பி மாட்டிய ஆணிகூட அவருடையதாக இல்லை!

தமிழ்நாட்டில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு ஓய்வு வயது 2021-இல் 60 ஆயிற்று. அதுவரை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதால்தான் தாம் மனிதர் என்று எண்ணியவருக்கு, கையெழுத்துக் கேட்க ஆளில்லாத காலைப்பொழுது தண்டனையாகத்தான் தோன்றும். இந்தக் குற்ற உணர்ச்சி வீண். உழைத்துத் தீர்த்த கடனுக்கு மறுபடியும் வட்டி எதற்கு?

ஆனால் இன்னொரு கூச்சம் உண்டு. அதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது, இரண்டாவது காப்பி எங்கிருந்து வருகிறது? அடுப்பங்கரைக்கு ஓய்வு வயது எந்தச் சர்க்கார் நிர்ணயித்தது? அரிவாள்மணையை அந்த அம்மாளிடமிருந்து வாங்கிக் காயை நறுக்கிக் கொடுக்கட்டும். பிறகு இருவருமாகத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.