பின் வளவுக் கத்தரிக்காய்

கற்பிட்டிக்குப் போகும் வீதியில், நுரைச்சோலையைத் தாண்டி, என் மனைவியின் மாமா ஒருவருக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அங்கே போனவர் எவரும் வெறுங்கையோடு திரும்ப முடியாது. சென்ற முறை ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் ஒரு பிடி பயற்றங்காயும் செங்காய்ப் பருவத்தில் இரண்டு பப்பாசியும் கட்டித் தந்தார். பையை நீட்டும்போது சொன்னார்:

"மருமகன், இது பின் வளவுல காய்ச்சது. ஒரு சொட்டு மருந்து படல்ல. பிள்ளைகளுக்குப் பயமில்லாமக் குடுங்க."

அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தப் 'பயமில்லாம' என்ற சொல் வீடு வரும்வரை என்னோடு கூடவே வந்தது. முன் தோட்டத்திலும் கத்தரி நிற்கிறது. அதே நாற்றுமேடையில் பிடுங்கிய கன்றுகள். அங்கே வாரத்துக்கு ஒரு தடவையாவது மருந்து அடிக்கிறார்கள். அந்தக் காய் லொறியேறித் தம்புள்ளைக்குப் போகிறது. அங்கிருந்து எந்த ஊரின் எந்தப் பிள்ளையின் கோப்பைக்குப் போகிறது என்பது மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு யார் பயப்படுவது?

இது அவர் ஒருவருடைய வழக்கம் அல்ல. வீட்டுக்கு ஒரு பாத்தி, சந்தைக்கு ஒரு தோட்டம் என்பதை இந்தக் கரையில் மட்டுமல்ல, மரக்கறி பயிரிடும் எந்த ஊரிலும் காணலாம். இதைக் கேட்டதும் 'நயவஞ்சகம்' என்று தீர்ப்புச் சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். காரணம், சந்தையில் காய் பொறுக்கும் என் விரல்களை எனக்குத் தெரியும். புழுத் துளை ஒன்று இருந்தால் அந்தக் காயை ஒதுக்கிவிட்டு, மெழுகு பூசியது போல மினுங்கும் காயை எடுப்பவன் நான். வியாபாரி அதையே மொத்தமாகச் செய்கிறான். மூட்டையில் பத்துக் காய் சொத்தை என்றால் முழு மூட்டைக்கும் விலை விழும். விதைக்கும் பசளைக்கும் பட்ட கடனை அந்த விலையில்தான் மாமா அடைக்க வேண்டும். அவர் அடிக்கும் மருந்தில் என் கண்ணின் ஆசைக்கும் பங்குண்டு.

இருந்தாலும் கேள்வி தீரவில்லை. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு வியாபாரியிடம் காரணம் கேட்ட சம்பவத்தை நாம் அறிவோம். மழை நனைத்துவிட்டது என்றார் அவர். ஈரத்தை மேலே, மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். இச்சம்பவத்தில் என்னை எப்போதும் நிறுத்துவது ஒன்று. தானியம் நனைந்ததற்காக அந்த மனிதர் கண்டிக்கப்படவில்லை. மழை யார் கையிலும் இல்லை. ஈரம் வாங்குபவனுக்குத் தெரியாமல் இருந்ததே குற்றமாயிற்று. பூச்சி விழுந்தது மாமாவின் குற்றம் அல்ல. மருந்து அடித்ததைக் கூடக் கட்டாயத்தின் கணக்கில் வைக்கலாம். ஆனால் அடித்த மருந்துக்குப் போத்தலில் எழுதியுள்ள நாள் கழியுமுன், விலை ஏறியிருக்கிறது என்று காய் ஆய்ந்து அனுப்பினால், அந்த ஈரம் அடியில்தான் கிடக்கிறது. எனக்கு மட்டும் அவர் அதை மேலே எடுத்துக் காட்டிவிட்டார். நான் உறவுக்காரன் என்பதே காரணம்.

பின் வளவுக் கத்தரிக்காயின் ருசியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். காலையில் ஆய்ந்து, பகலுக்கு மாசி போட்டு ஆணம் காய்ச்சினால், காம்பு கூட வெண்ணெயாய்க் கரைகிறது. அந்த ருசியில் பாதி புதுசாக ஆய்ந்ததால் வருவது. மீதிப் பாதி, அதைச் செய்த கையை நமக்குத் தெரியும் என்ற நிம்மதியால் வருவது என்று நினைக்கிறேன். நம்புவதற்கும் நாக்கில் ஓர் இடம் உண்டு போலும். எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டோம்.

ஆனால் அந்த நிம்மதி எவ்வளவு ஆழம்? அதைச் சொல்ல இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் சூழ்ந்த மணல் நாக்கு. மழை நீர் மணலில் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய ஆடை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும் என்பது நீரியலாளரின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு அந்த அளவுக்கு ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்த மாவட்டம் இது. ஓலைக் கொட்டில்களில் இருந்தவர்களும் இந்த நீர் ஆடையிலிருந்துதான் குடித்தார்கள். நீர் மக்களுக்குப் பொது என்பதை நாம் மிம்பர் மேடையில் கேட்பதற்கு முன் இந்த மணல் சொல்லிவிட்டது.

மணலுக்குப் பிடித்துவைக்கும் குணம் இல்லை. போட்ட யூரியாவில் பயிர் உண்டது போக மிச்சம் நைத்திரேற்றாகி நீரோடு கீழே இறங்கிவிடும். கற்பிட்டியின் தோட்டக் கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நைத்திரேற்று இருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். போத்தலில் பால்மா குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் இது பெரிய ஆபத்து; இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

மாமா வீட்டில் அன்று பேரப்பிள்ளை வந்திருந்தது, நான்கு மாதம். குசினியில் கடையிலிருந்து வாங்கிய பெரிய தண்ணீர்க் கலன் ஒன்று நின்றது. "சின்னவருக்குக் கிணத்துத் தண்ணி வேணாமென்டு மிட்வைப் மிஸ் சொல்லிட்டாங்க" என்றார் மாமி. அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு பின் வளவில் நின்று, மாமா தன் பாத்தியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்: "பசளையும் போடல்ல மருமகன், சும்மா தண்ணி மட்டும்தான். பாருங்க எப்பிடிச் செழிச்சிருக்கென்டு!" உண்மைதான், இலைகள் கரும்பச்சையாய்ச் செழித்திருந்தன. முன் தோட்டத்துக்குப் போட்ட பசளை கிணற்றுக்கு வந்து, கிணற்றிலிருந்து பின் வளவுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் கத்தரிக்காய் நஞ்சாகிவிடாது, பயப்பட வேண்டாம்; நைத்திரேற்று செடிக்கு உணவு. ஆனால் மாமா மனத்தில் போட்டு வைத்திருந்த வேலி மண்ணுக்குக் கீழே இல்லை.

அரசாங்கம் ஒருமுறை இதைக் கட்டளையால் தீர்க்கப் பார்த்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் நிறுத்தினார்கள். விளைச்சல் விழுந்து, விவசாயி தெருவுக்கு வந்து, நவம்பரில் பெரும்பாலும் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு உணவுக்கே தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். கொத்துமல்லிச் சாடி வைத்தவர்கள் பலர், ஜும்ஆவுக்குப் பிறகு தூங்கியவர்கள் அதிலும் பலர். மாமாவைப் போன்றவர்களிடம், புழுக் காய்க்கும் நல்ல விலை தருகிறோம், அடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள் என்று சொன்னவரை நான் கேள்விப்படவில்லை.

புறப்படும்போது கேட்டே விட்டேன். "மாமா, முன்னுக்கு நிக்கிற காயை நீங்க திம்பீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாங்குறவங்க கழுவித்தானே சமைப்பாங்க" என்றார். பிறகு அவருக்கே அது போதவில்லை போலும். பையை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே பார்த்து, சொத்தையான காய் இரண்டை எடுத்துவிட்டு, நல்லதாக இரண்டை ஆய்ந்து போட்டார்.

"அந்தச் சொத்தைக் காயே இருக்கட்டும் மாமா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விருந்தாளிக்குப் புழுக் காய் கொடுப்பதா என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அறுத்தபோது, நல்லது என்று போட்டதில் ஒன்றிலும் புழு இருந்தது. மனைவி அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சட்டியில் போட்டாள். அந்த வாரமே சந்தையில் மினுங்கும் கத்தரிக்காய் அரைக் கிலோ வாங்கினோம், கழுவித்தான் சமைத்தோம்.